யத்தீமுக்குக் கட்டடம் வேண்டாம். ஒரு மனு எழுதிக் கொடுங்கள்!

 

ரமளான் பிறை பார்த்த மறுநாளே நம் கடைத்தெருக்களில் ரசீதுப் புத்தகங்கள் இறங்கி விடுகின்றன. எந்த ஊர், எந்த இல்லம், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பாரில்லை. 'அனாதை இல்லத்துக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கல்லாப்பெட்டி திறக்கிறது. கொடுக்கின்ற மனம் நல்ல மனம்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுத்த பணம் எங்கே போய்ச் சேருகிறது? அந்தப் பணத்தால் ஒரு பிள்ளை தன் தாயோடு வாழ்கிறதா, அல்லது தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறதா? இந்தக் கேள்வியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் திருப்பூருக்கு பஸ். இந்த ஒன்றியத்தின் ஏதாவது ஒரு சிற்றூரில் ஒரு குடும்பத் தலைவன் திடீரென்று இறந்து போகிறான் என்று வைத்துக் கொள்வோம். முப்பது வயதுத் தாய். மூன்று பிள்ளைகள். நாற்பது நாள் வரை உறவுகள் வந்து போகும். அதற்குப் பிறகு?

பதின்மூன்று வயது மூத்தவனைத் தெரிந்த ஒருவர் சென்னைக்குக் கூட்டிப் போய்க் கடையில் விடுகிறார். ஒன்பது வயது இளையவன், பெயர் கூடக் கேள்விப்படாத ஊரிலுள்ள இல்லத்துக்கு அனுப்பப்படுகிறான். பெண் பிள்ளைக்குப் பதினாறு வயதிலேயே மாப்பிள்ளை பார்க்கிறார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று திசையில் சிதறிப் போகிறார்கள். இந்த மூன்றுக்கும் நாம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'உதவி!'

இது உதவி அல்ல சகோதரர்களே. ஒரு வீட்டைக் கலைப்பது. தகப்பனை மரணம் பறித்தது. தாயைப் பறித்தது நாம்.

கட்டடம் தேவைப்பட்ட காலம்

அனாதை இல்லம் என்றாலே தவறு என்று நாம் சொல்லவில்லை. 1921ல் மலபார் கிளர்ச்சியை வெள்ளையர் ஒடுக்கியபோது எண்ணற்ற குடும்பங்கள் சிதைந்தன. ஆதரவற்றுத் தெருவில் நின்ற பிள்ளைகளுக்காக 1922ல் கோழிக்கோட்டில் ஜே.டி.டி. இஸ்லாம் யத்தீம்கானா உருவானது. பஞ்சாபிலிருந்து முஸ்லிம்கள் வந்து அதற்குத் துணை நின்றார்கள். அன்று அதுதான் தேவை. நம் புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஒதுங்க இடமற்ற பெண் பிள்ளைகளுக்காக 1930ல் சென்னையில் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். அதுவும் காலத்தின் தேவை. யாருமே இல்லாத பிள்ளைக்கு இன்றும் இல்லம் வேண்டும்.

ஆனால் இன்று இல்லங்களில் இருப்பவர்கள் யார்? மத்திய அரசு 2016-17ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கில் 9,589 இல்லங்கள் இருந்தன. அவற்றில் சுமார் 3 லட்சத்து 70 ஆயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். தாய் தந்தை இருவரும் இல்லாதவர்கள் அதில் சிறு பகுதிதான். ஒற்றைப் பெற்றோரின் பிள்ளைகள் அவர்களை விட மிக அதிகம். அதாவது, பெற்றவள் உயிரோடிருக்க, அவளிடம் சோற்றுக்கு வழியில்லை என்ற ஒரே காரணத்தால் பிள்ளை இல்லத்தில் இருக்கிறது. தாயிடம் இல்லாதது பாசமா? இல்லை. பணம்! அந்தப் பணத்தைத் தாயிடம் கொடுக்காமல், கட்டடத்திடம் கொடுத்துப் பிள்ளையையும் அங்கே ஒப்படைப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் நம் பக்கம் நிற்கிறது

பிள்ளைகளுக்கென்று தனிச்சட்டம் இந்தியாவிலேயே முதன்முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில்தான். அது 1920ம் ஆண்டின் சென்னைச் சிறுவர் சட்டம். இன்று நடைமுறையில் இருப்பது 2015ம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு உரியது. இல்லத்தில் சேர்ப்பது மற்ற எல்லா வழியும் அடைபட்ட பிறகு கடைசியாகத்தான்.

இது நமக்குப் புதிதா? நம் மார்க்கம் பேசுவது கஃபாலாவைப் பற்றி. யத்தீமின் பொறுப்பை ஏற்பது, பெயரையும் வம்சத்தையும் மாற்றாமல் வளர்ப்பது, சொத்தைக் கட்டிக் காத்து உரிய வயதில் ஒப்படைப்பது. ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989ல் நிறைவேறியபோது அதன் 20ம் பிரிவில் இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலா பெயர் குறிப்பிட்டே ஏற்கப்பட்டது. அந்த உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது 1992 டிசம்பர் 11ந் தேதி. பாபர் மஸ்ஜித் இடிக்கப்பட்ட ஐந்தாம் நாள்! அந்த வாரம் நம் கண்கள் எல்லாம் அயோத்தியில் இருந்தன. நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஓடிவிட்டன! நம் பிள்ளைகளுக்கு நாடு எழுதிக் கொடுத்த உறுதிமொழியை எடுத்துப் படித்தவர்கள் எத்தனை பேர்?

பதிவாகும் ஒன்று, எழுதப்படாத ஒன்று

வத்சல்யா திட்டம் என்று ஒன்று உண்டு. அதில் 'ஸ்பான்சர்ஷிப்' என்ற பெயரில், தாயோடு அல்லது உறவினரோடு வீட்டிலேயே வளரும் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்க வழியிருக்கிறது. கணவனை இழந்தவள், விவாகரத்தானவள், கைவிடப்பட்டவள் ஆகியோரின் பிள்ளைகள், உறவினர் வீட்டில் வளரும் அனாதைகள், பெற்றோர் கொடிய நோயில் கிடக்கும் பிள்ளைகள் எல்லாரும் இதற்கு உரியவர்கள். கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கொடுக்கும் இடம், கலெக்டரின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு.

தமிழக அரசு 2025 செப்டம்பர் 15ந் தேதி 'அன்புக்கரங்கள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். முதல் கட்டத்தில் 6,082 பிள்ளைகள். ஆதரவற்ற விதவைகளுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்குமான மாத உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக உயர்த்தப்பட்டது. மாவட்டந்தோறும் முஸ்லிம் மகளிர் உதவி சங்கம் இருக்கிறது. நாம் அங்கே கொடுக்கும் நன்கொடைக்கு ஒரு வரம்பு வரை அரசும் இணை மானியம் தருகிறது. ரசீதுப் புத்தகத்துக்குக் கொடுக்கும் கை, இதற்கு ஒருமுறையாவது நீண்டதுண்டா?

வியாபாரிகள் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்குப் போடுங்கள். மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. மூன்று ஆண்டு மட்டும் கிடைத்தாலும் 1,44,000 ரூபாய். ஒரு பிள்ளைக்கு! இது எழுதப்படாத ஒரு மனுவின் விலை.

ஏன் எழுதப்படவில்லை? கணவன் இறந்ததை 21 நாளுக்குள் பதிவு செய்யவில்லை. இறப்புச் சான்று இல்லாததால் வாரிசுச் சான்று இல்லை. வாரிசுச் சான்று இல்லாததால் மற்ற எதுவும் நகரவில்லை. தாயின் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர். பிள்ளைக்கு வங்கிக் கணக்கில்லை. வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், இ-சேவை மையம், கலெக்டர் ஆபீஸ் என்று நாலு இடம் நடக்க வேண்டும். இத்தா இருக்கும் பெண் எப்படி நடப்பாள்? கூலி வேலைக்குப் போகிறவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? நடக்க வேண்டியது யார்? மாநாட்டுக்கு ஒரே இரவில் ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டத் தெரிந்த இளைஞனே, நீதான்!

நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

'நாங்கள் நல்ல எண்ணத்தோடு கொடுக்கிறோம், காகிதம் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு இரண்டு சம்பவங்களை நினைவூட்டுகிறோம்.

முதலாவது நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. இங்குள்ள சில இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவது பற்றி வெளியான செய்தியை வைத்து 2007ல் உச்ச நீதிமன்றம் வழக்கு எடுத்தது. பத்தாண்டுகள் கழித்து 2017 மே 5ந் தேதி தீர்ப்பு வந்தது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், உள்ளிருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் விவரமும் பதிவில் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் மதன் லோகூரும் தீபக் குப்தாவும் உத்தரவிட்டார்கள். பதிவில்லாமல் இல்லம் நடத்தினால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 42ம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். ரசீதுப் புத்தகத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று நாம் என்றைக்காவது புரட்டிப் பார்த்ததுண்டா?

இரண்டாவது, 2014 மே மாதம். பாலக்காடு ரயில் நிலையத்தில் பீகார், ஜார்க்கண்ட் பகுதிகளிலிருந்து வந்த நூற்றுக்கணக்கான ஏழை முஸ்லிம் பிள்ளைகள் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். கேரளத்தின் முஸ்லிம் யத்தீம்கானாக்களுக்குப் படிக்க அழைத்து வரப்பட்டவர்கள். முறையான காகிதம் இல்லை. ஆள்கடத்தல் என்று வழக்குப் பாய்ந்தது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் நாள் கணக்கில் ஊதித் தள்ளின. விவகாரம் சி.பி.ஐ. வரை போனது. ஆண்டுகள் கழித்துக் கடத்தல் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ஆனால் அவமானம் நின்றுவிட்டதே! ஏழைப் பிள்ளைக்குச் சோறும் கல்வியும் கொடுத்த சமுதாயத்தைக் கடத்தல்காரன் என்று அழைக்க, எதிரிக்கு நாமே ஆயுதம் எடுத்துக் கொடுத்தோம். அந்த ஆயுதம் வேறொன்றுமில்லை, நிரப்பப்படாத ஒரு படிவம்!

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

'பசித்த பிள்ளைக்கு வேலை கொடுத்தேன், அதுவும் தப்பா?' என்று கேட்கிறீர்கள். தப்புதான். 2016ல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகத் தன் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு உண்டு. உங்கள் கடை அந்தப் பிள்ளையின் குடும்பத் தொழில் அல்ல. மீறினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்குப் பயந்து சொல்லவில்லை. பதின்மூன்று வயதில் கடைப்பலகையில் படுத்துத் தூங்குகிறவன் முப்பது வயதில் என்னவாக இருப்பான் என்று யோசித்துத்தான் சொல்கிறோம். நீங்கள் கொடுக்கும் சம்பளத்தை ஜகாத்தாக அவன் தாய்க்குக் கொடுங்கள். அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள். உங்களுக்கு வேறு ஆள் கிடைப்பான். அவனுக்கு அந்த வயது திரும்பக் கிடைக்காது.

பிள்ளையை அடகு வைக்கும் கொடுமை நமக்கு எட்டாத தூரத்தில் நடக்கிறது என்று நினைத்து விடாதீர்கள். 2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் தஞ்சையையும் புதுக்கோட்டையையும் நாகையையும் புரட்டிப் போட்டது. வீடிழந்த ஒரு தஞ்சாவூர்க் குடும்பம் 36,000 ரூபாய்க்குத் தன் மகனை நாகை மாவட்டத்தில் வேலைக்கு அடகு வைத்த செய்தி அடுத்த மாதமே வெளிவந்தது. முன்பணம் வாங்கிக் கொண்டு ஆட்டுக்கிடைக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களை அதிகாரிகள் இந்தப் பக்கத்து மாவட்டங்களில் பலமுறை மீட்டிருக்கிறார்கள். வறுமைக்கு மதம் கிடையாது சகோதரர்களே. குன்றாண்டார்கோவில் வட்டாரத்தில் நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள். நம் ஜமாஅத் எழுதிக் கொடுக்கும் மனு, அடுத்த தெருவிலும் காலனியிலும் இருக்கும் பிள்ளைக்கும் எழுதப்பட வேண்டும். அல்மாவூன் அத்தியாயம் யத்தீமைப் பற்றிப் பேசும்போது அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கவில்லை.

மூடி மறைப்பது மானமா?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பிள்ளைக்கு அசிங்கம் நேர்ந்து விட்டால், 'ஊர் மானம் போய்விடும், ஜமாஅத்திலேயே பேசி முடித்து விடுவோம்' என்று அழைத்து, தொகை பேசி, கையெழுத்து வாங்கும் பழக்கம் எல்லாச் சமுதாயங்களிலும் இருக்கிறது. நம்மிலும் இருக்கிறது. 2012ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. முத்தவல்லிக்கு விலக்கில்லை. ஆலிமுக்கு விலக்கில்லை. ஊர்த் தலைவருக்கும் விலக்கில்லை. குற்றவாளியைக் காப்பாற்றிப் பிள்ளையை ஊரை விட்டு அனுப்புவது மானம் என்றால், மானம் இழந்தது யார்?

அதே போலத்தான் பதினாறு வயது நிக்காஹ். 18 வயது நிறையாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006ம் ஆண்டின் சட்டப்படி குற்றம். தகப்பனில்லாத பெண் என்பதால் 'சீக்கிரம் கரை சேர்த்து விடுவோம்' என்கிறார்கள். பத்தாம் வகுப்பில் பாதியில் நிறுத்தப்பட்டவள் எந்தக் கரையில் சேருகிறாள்? கையில் குழந்தையோடு இருபது வயதில் தாய் வீட்டுக்குத் திரும்பி வரும்போது, அதே ஜமாஅத் முன்னால் இன்னொரு யத்தீம் நிற்கிறதே!

அரசும் தப்ப முடியாது

அரசு எல்லாம் சரியாகச் செய்கிறது என்று நாம் வக்காலத்து வாங்கவில்லை. குழந்தைகள் நலக் குழுக்களில் காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருப்பதை, 2018 பிப்ரவரி 9ந் தேதி சம்பூர்ணா பெஹுரா வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. ஊராட்சி அளவிலும் ஒன்றிய அளவிலும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும், அது கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005லேயே வந்து விட்டது. உதவித்தொகைக்கு நிதி இல்லை, வரிசையில் காத்திருங்கள் என்று சொன்னால், வரிசையில் எத்தனையாவது என்று கேளுங்கள். மனுவே போடாதவனுக்கு வரிசையும் கிடையாது, வழக்கும் கிடையாது.

'அரசிடம் போனால் பிள்ளையைக் கொண்டு போய் ஹோமில் போட்டு விடுவார்கள், மார்க்கம் போய்விடும்' என்று சிலர் பயப்படுகிறார்கள். வீட்டில் வளரும் பிள்ளைக்கு வீட்டிலேயே பணம் கொடுக்கச் சொல்லித்தான் மனு எழுதச் சொல்கிறோம். தாயின் மடியில் இருக்கும் பிள்ளையின் மார்க்கத்தை யார் பறிக்க முடியும்? முன்பின் தெரியாத ஊருக்கு அனுப்பும்போது வராத பயம், மாவட்டத் தலைநகருக்கு மனு அனுப்பும்போது மட்டும் ஏன் வருகிறது?

என்ன செய்ய வேண்டும்?

ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வையுங்கள். ஜனாஸா பதிவேடு இருக்கிறது, நிக்காஹ் பதிவேடு இருக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு ஏன் இல்லை? பெயர், வயது, வகுப்பு, தாயின் தொழில், எந்தச் சான்று இருக்கிறது, எது இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

ஜும்ஆ முடிந்து ஒரு மணி நேரம் பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு மேசை போடுங்கள். படித்த இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்து மனு எழுதட்டும். மையித்தை அடக்கிய வாரமே இறப்பைப் பதிவு செய்யட்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளுக்குத் தாயோடு ஒருவர் துணைக்குப் போகட்டும். பயணப்படியை பைத்துல்மால் கொடுக்கட்டும்.

அரசுப் பணம் வரும் வரை வீட்டு அரிசியும் பள்ளிச் செலவும் ஜமாஅத்தின் பொறுப்பு. பத்து கடைக்காரர்கள் சேர்ந்தால் ஒரு குடும்பத்தைத் தாங்க முடியாதா?

ரசீதுப் புத்தகம் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பதிவு எண் என்ன? எத்தனை பிள்ளைகளுக்குத் தாய் இருக்கிறாள்? குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்களா? பதில் சொல்பவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். கோபப்படுபவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஆபத்தில் இருக்கும் பிள்ளையைக் கண்டால் 1098. 1996ல் மும்பையில் தொடங்கிய இந்தத் தொலைபேசி உதவி, 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் நடக்கிறது. காசில்லாத அழைப்பு. உங்கள் கடைச் சுவரில், விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்த நாலு எண்ணை எழுதி வையுங்கள்.

சகோதரர்களே! நபி (ஸல்) அவர்கள் தகப்பன் முகம் பாராமல் பிறந்தவர்கள். தாயும் போன பிறகு பாட்டனார் வளர்த்தார்கள், பிறகு பெரிய தந்தை வளர்த்தார்கள். குடும்பம் கைவிடவில்லை. வீடு கலையவில்லை. அந்த உம்மத்தான நாம், பளிங்குப் பலகையில் நம் பெயர் பொறித்த கட்டடங்களைக் கட்டி, வீடுகளைக் கலைத்துக் கொண்டிருக்கிறோம்.

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் முத்தவல்லியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'நம் மஹல்லாவில் தகப்பனில்லாத பிள்ளைகள் எத்தனை பேர்?' எண்ணிக்கை அவருக்குத் தெரியவில்லை என்றால், பேனாவை நீங்கள் எடுங்கள். முதல் பெயரை எழுதுங்கள்.